பத்திரம்: ஒரு மடக்குக் கத்தியின் பெயர்கள்

கைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கத்தியை எடுத்துக்கொள்வோம். அலகை விரித்தால் கத்தி. மடக்கினால் வெறும் பிடி. இதற்கும் இதன் நெருங்கிய உறவுகளுக்கும் தமிழில் பல பெயர்கள் உண்டு. பென்சில் சீவுகிறவர் கையில் பேனாக்கத்தி. இரும்புக் கடையில் மடக்குக் கத்தி. ஈழத் தமிழர் பேச்சில் வில்லுக்கத்தி. காவல் நிலையத்திலிருந்து வரும் செய்தியில் சூரிக்கத்தி. பழைய சினிமா அடியாளின் இடுப்பில் பிச்சுவா.

அலகின் நீளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பிடித்திருக்கும் கையைப் பார்த்துத்தான் பெயர் மாறுகிறது. மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாம்பழம் நறுக்கினால் அது பேனாக்கத்தி. அதே கத்தி கடற்கரைக் குப்பத்து இளைஞன் ஒருவனின் பையில் கிடைத்தால், மறுநாள் அதற்குச் சூரிக்கத்தி என்று பெயர் வந்துவிடும். வர்க்கமும் சாதியும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் விதம் இது, நமக்குப் பழக்கமானதுதான். நான் இந்தப் பெயர்களைப் புரட்டிப் பார்த்தது வேறொன்றைத் தேடி. இவற்றில் எது பெண்ணின் கையை நினைத்து வைக்கப்பட்டது? எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பெண்ணின் கையில் கத்தி இல்லாமலா இருந்தது? நாள் முழுக்க இருந்தது. ஆனால் அதற்கு வேறு பெயர், வேறு வடிவம், வேறு இடம். இந்தப் பிரிவினை எப்படி நடந்தது என்பதைச் சொற்கள் வழியாகவே படித்துப் பார்க்கலாம்.

முதலில் பேனாக்கத்தி. பேனா அளவுக்குச் சிறியதாக இருப்பதால் அந்தப் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். காரணம் அதுவல்ல. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பறவை இறகால் எழுதினார்கள். வாத்து இறகின் தண்டைச் சாய்வாகச் சீவி, நுனியைக் கீறி, மையில் தோய்த்து எழுதுவார்கள். எழுத எழுத நுனி மழுங்கும். மறுபடி சீவ வேண்டும். எனவே எழுதுகிறவர் மேசையில் எப்போதும் ஒரு சிறு கத்தி இருந்தது. ஆங்கிலேயர் அதற்குப் பென்நைஃப் என்று பெயர் வைத்தார்கள். நாம் பேனாக்கத்தி என்றோம். பேனா என்ற சொல்லும் நம்முடையதல்ல. சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் இவற்றோடு போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் அதன் முதற்பொருள் இறகு. 19ஆம் நூற்றாண்டில் எஃகு நிப்பு பரவி இறகுப் பேனாவை ஒழித்தது. கத்திக்கு வேலை போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. எழுதுவதற்கு ஒரு காலத்தில் கத்தி தேவைப்பட்டது என்பதை அந்தச் சொல் இன்றும் நினைவு வைத்திருக்கிறது.

தமிழுக்கு இந்தச் செய்தியைப் போர்த்துக்கீசியர் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கே எழுத்தும் அலகும் ஏற்கெனவே ஒரே பிடியில் இருந்தன. உ.வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்', எழுத்தாணிகளின் வகைகளைச் சொல்கிறது: குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணிக்குக் கனத்த கொண்டை உண்டு. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஏற்றது. வாரெழுத்தாணியின் மேற்பகுதி ஓலையை வாருவதற்கான அலகு. மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறு பக்கம் ஓலை வாரும் கத்தி. இரண்டையும் மடக்கினால் பிடிக்குள் அடங்கிவிடும். இன்றைய பேனாக்கத்தியின் அமைப்பு ஏறத்தாழ இதுதான். ஓலையை வாரி ஒழுங்கு செய்யவும், அதே ஓலையில் எழுத்தைக் கீறவும், இரண்டையும் மடக்கி எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவும் ஒரே கருவி போதும்.

அந்தக் கடைசி வசதியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மடக்குவது எதற்காக? எடுத்துப் போவதற்காக. வீட்டிலேயே இருக்கும் கருவியை யாரும் மடக்க மெனக்கெடுவதில்லை. மடக்கெழுத்தாணி என்ற சொல்லுக்குள் நடக்கிற ஒரு மனிதன் இருக்கிறான்: ஆசிரியரைத் தேடி, ஏட்டைத் தேடி ஊர் ஊராகப் போகிறவன். சாமிநாதையரே அப்படி அலைந்தவர்தான். அந்த அலைச்சல் இல்லாவிட்டால் 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்திருக்காது. அவர் சேர்த்த ஏடுகள் இன்று பெசன்ட் நகரில், அவர் பெயரால் 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த உழைப்பின் பலனைப் பெண்களாகிய நாமும்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். அதை மறுக்க இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. மடக்கெழுத்தாணியோடு தெருவில் நடக்க யாருக்கு அனுமதி இருந்தது என்பதே என் கேள்வி.

கணக்கு இருக்கிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட பள்ளிக் கணக்கெடுப்பின்படி, மாகாணத்துப் பள்ளிகளில் படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் பெண்கள் 4,540. நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அந்தச் சிலரிலும் பலர் கோயில் நடனத்துக்கு உரிய குலத்துப் பெண்கள் என்று மாவட்ட ஆட்சியர்கள் குறித்தார்கள். 'நல்ல குடும்பத்துப் பெண்' எழுதப் படிக்கக் கூடாது என்ற விதிக்கு அவர்களே காரணமாகக் காட்டப்பட்டார்கள். எழுத்தாணி பிடித்த பெண் என்றால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். அதனால் பெரும்பாலான பெண்களுக்கு எழுத்தாணியும் கிடைக்கவில்லை, அதனோடு ஒரே பிடியில் வந்த கத்தியும் கிடைக்கவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சாமிநாதையர் வாழ்ந்த அதே திருவல்லிக்கேணியில்தான் வை.மு. கோதைநாயகி அம்மாளும் வாழ்ந்தார். ஐந்து வயதைத் தாண்டியதும் கல்யாணம், பள்ளிக்கூடம் இல்லை. தலைக்குள் கதைகள் நிரம்பிக் கிடந்தன, எழுதக் கை பழகவில்லை. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். பிறகு எழுதக் கற்றுக்கொண்டு, 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். நம் இலக்கிய வரலாறுகள் அந்த எண்ணிக்கையைச் சொல்லி வியக்கின்றன. நான் வியப்பது பட்டம்மாளின் கையைப் பார்த்து. ஒரு பெண்ணின் வாயும் இன்னொரு பெண்ணின் கையும் சேர்ந்து ஒரு எழுத்தாளர் உருவானார். கருவியைத் தனக்கென்று வைத்திருக்க முடியாதவர்கள் அதைப் பகிர்ந்துகொண்ட விதம் அது.

எழுத்தாணியின் இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்கலாம்: வாருதல். ஓலையை வாருவது என்றால் நரம்பு நீக்கி, ஓரம் சீவி, எழுதத் தக்கதாக ஆக்குவது. தலை வாருவதற்கும் அதே வினைச்சொல்தான். ஆணுக்கு வார ஓலை, பெண்ணுக்கு வாரக் கூந்தல் என்று ஒரே வினை இரண்டு வீடுகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது.

அடுத்து வில்லுக்கத்தி. அம்பு எய்யும் வில்லை நினைத்தால் பொருள் விளங்காது. வில்வண்டியை நினைக்க வேண்டும். வில் என்பது இங்கே வளைந்து கொடுத்துத் திரும்பும் இரும்புப் பட்டை. மடக்குக் கத்தியின் முதுகில் அப்படி ஒரு பட்டை இருக்கிறது. விரித்த அலகு கையை வெட்டாமல் நிற்பதும், மடக்கிய அலகு தானாகத் திறக்காமல் கிடப்பதும் அதனால்தான். திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வது வைத்திருப்பவர் கட்டைவிரல். ஈழத்தார் இந்தக் கத்திக்குப் பெயர் வைத்தபோது அந்த நுட்பத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கத்தியை எங்கே வைப்பது? ஆங்கிலத்தில் இதற்குப் பாக்கெட் கத்தி என்றும் ஒரு பெயர் உண்டு. பாக்கெட் இருந்தால்தானே பாக்கெட் கத்தி. சேலைக்குப் பை கிடையாது. முந்தானையில் முடிந்துகொள்வதுதான் ஒரே வழி. அதையும் நம் பேச்சு கேலியாக்கிவிட்டது. கணவனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்போம். ரவிக்கைக்குள் செருகிய சில்லறைப் பர்ஸும் பட்டிமன்ற நகைச்சுவைக்குப் பொருள். சுடிதார் தைக்கும்போது பை வேண்டும் என்று தையல்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். தி. நகர் கடைகளில் பை வைத்த குர்த்தி இன்றும் ஒரு சிறப்பு அம்சமாக விற்கிறது. ஆண் சட்டையில் அது அம்சமே அல்ல, அது சட்டை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு வெளியே போவதற்குத் தேவையானது என்ன என்று கேட்டால், உரிமை, தைரியம் என்று பெரிய சொற்களாகச் சொல்வோம். ஒரு பை என்றும் சொல்லலாம்.

பாட்டிகளுக்கு ஒரு பை இருந்தது: சுருக்குப்பை. அதற்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, சில்லறை, பாக்குவெட்டி. மடக்குக் கத்திக்கு இருப்பதுபோல் பாக்குவெட்டிக்கும் ஒரு திருகாணி உண்டு, அலகு உண்டு. இடுப்பில் செருகிக்கொண்டு எங்கும் போகலாம். பெண்ணுக்கு என்று வாய்த்த மடங்கும் கத்தி அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதையும் எல்லாப் பெண்களுக்கும் விடவில்லை. பிராமண வீடுகளில் கணவன் இறந்த பெண்ணுக்குத் தாம்பூலம் விலக்கப்பட்டது. பூவும் பொட்டும் போனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். வெற்றிலையோடு பாக்குவெட்டியும் போனது.

பெண்ணுக்கு விதிக்கப்பட்ட கத்தி அரிவாள்மணை. மயிலாப்பூர் மாட வீதிப் பாத்திரக் கடைகளில் இன்றும் வாங்கலாம். மற்றக் கத்திகளில் கை அலகை நகர்த்தும், காய் அசையாமல் இருக்கும். இதில் அலகு அசையாது. கை காயை எடுத்துக்கொண்டு அலகிடம் போகும். இரண்டு கையும் வேலையில், ஒரு கால் பலகைமேல், உடம்பு தரையில். அந்த அலகின் கூர்மை மிகக் கடுமையானது, ஆனால் அதை ஓங்க முடியாது. இப்போது அலகை மடக்கி வைக்கும் அரிவாள்மணையும் வந்திருக்கிறது. குழந்தைகள் காலில் படாமல் இருக்கவும் அலமாரியில் வைக்கவும் அந்த ஏற்பாடு. ஆணின் கத்தி வெளியே போவதற்காக மடங்கியது. பெண்ணின் கத்தி வீட்டுக்குள் ஒதுங்குவதற்காக மடங்குகிறது.

அந்தச் சொல்லின் எழுத்துப்பிழையும் ஒரு கதை சொல்கிறது. மணை என்றால் உட்காரும் பலகை. அரிவாள் பதித்த மணை, அரிவாள்மணை. நடைமுறையில் பாதிப் பேர் இதை 'அரிவாள்மனை' என்றே எழுதுகிறோம். மனை என்றால் வீடு. மனைவி என்ற சொல்லும் அங்கிருந்துதான். பலகை வீடாக மாறிய இந்தப் பிழையை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனாலும் அது ஏன் யார் கண்ணையும் உறுத்தவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இங்கே ஒரு குறுக்கீடு தேவை. பெண்ணுக்குக் கத்தி வீட்டுக்குள்தான் என்பது எந்தப் பெண்ணைப் பற்றிய உண்மை? மாட வீதியிலிருந்து கிழக்கே நடந்தால் நொச்சிக்குப்பம். அங்கே பெண்கள் அரிவாள்மணையைத் தெருவுக்குக் கொண்டுவந்து எத்தனையோ காலம் ஆகிறது. முழு வஞ்சிரத்தைத் துண்டு போடுகிற பெண்ணின் எதிரே நின்று பேரம் பேசுகிறவர்களுக்கு அந்த அலகின்மேல் மரியாதை உண்டு. சாலையோரக் கடைகளை அகற்ற வேண்டும் என்ற வழக்குக்குப் பிறகு, 2024இல் திறந்த புதிய மீன் அங்காடிக்குள் அவர்களை நகர்த்தியபோது, சாலையில் இருந்த அந்த உரிமைக்காகவும்தான் அவர்கள் குரல் கொடுத்தார்கள். வயலில் கருக்கரிவாளோடு நிற்கும் பெண்ணுக்கும் கத்தி வீட்டுப் பொருள் அல்ல. ஆகவே நம் அகராதி வேலையில் ஒரு எச்சரிக்கை வேண்டும்: 'தமிழ்ப் பெண்' என்று பொதுவாகப் பேசும்போது, திண்ணையும் அடுக்களையும் உள்ள வீட்டுப் பெண்ணையே நினைத்துப் பேசிவிடுகிறோம். உழைக்கும் பெண்ணின் கையில் அலகு எப்போதும் இருந்தது. அதன் கூலியும் அதன் பெயரால் வரும் மரியாதையும்தான் அவளுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

அடுக்களைக்கு வெளியே, சமூகமே முன்வந்து பெண்ணிடம் இரும்பைக் கொடுத்த சமயங்களும் உண்டு. பூப்படைந்து ஒதுக்கி வைத்த பெண்ணின் பக்கத்தில், பிள்ளை பெற்றவளின் பாயருகில், ஒரு இரும்புத் துண்டையோ கத்தியையோ அரிவாளையோ வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பேய் அண்டாது என்பார்கள். அவள் உடம்பை மற்றவர் பயந்து விலகி நின்ற நாட்களில், கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கு எதிராகக் கத்தி கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தபோது கொடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சூரியும் பிச்சுவாவும் வடக்கிலிருந்து வந்தவை. வடமொழியின் க்ஷுரிகா தமிழில் சுரிகை ஆயிற்று; சூரியும் அந்தக் குடும்பம்தான். பிச்சுவாவின் கதை இன்னும் சுவையானது. இந்தியில் தேளுக்குப் பிச்சூ என்று பெயர். தேள்கொடுக்குபோல் வளைந்த குறுவாளுக்குப் பிச்சுவா. அதே இந்தியில் பிச்சுவாவுக்கு இன்னொரு பொருளும் உண்டு: மணமான பெண் கால்விரலில் அணியும் மெட்டி. ஒரே தேள், ஆணின் இடுப்பில் ஆயுதமாகவும் பெண்ணின் காலில் கல்யாண அடையாளமாகவும் ஒட்டிக்கொண்டது. தமிழுக்கு வரும்போது குறுவாள் மட்டும் வந்தது. மெட்டி நம்மிடம் வேறு பெயரில் முன்பே இருந்தது.

இத்தனை பெயர்களுக்குப் பிறகு நான் வந்து நிற்கிற சொல் பத்திரம். வடமொழியில் பத்ர என்றால் இலை. இலையிலிருந்து ஏடு, ஏட்டிலிருந்து ஆவணம். அதனால்தான் நிலப் பத்திரம், கடன் பத்திரம். இலைபோன்ற வடிவத்தால் அம்புக்கும் வாளுக்கும்கூடப் பத்திரம் என்று பெயர் வந்தது. தமிழில் இதனோடு இன்னொரு பத்திரமும் கலந்தது. அது பத்ர அல்ல, நன்மை என்ற பொருளுள்ள பத்ர. வடமொழியில் எழுத்தே வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 'பத்திரமா போயிட்டு வா' என்று நாம் சொல்வது அந்த இரண்டாவது சொல்லை. ஆக ஓலை, ஆவணம், அலகு, பாதுகாப்பு நான்கும் தமிழில் ஒரே ஒலிக்குள் இருக்கின்றன.

அலகு என்ற பொருளில் இந்தச் சொல் வரும் ஓர் இடம், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார் கதை. பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாவில், மயிலாப்பூர் மாட வீதிகளில் ஊர்வலமாக வருகிறாரே, அவர்களில் ஒருவர். திருக்கோவலூர் மன்னரான அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அடியார் வேடத்தில் அரண்மனைக்குள் வருகிறான். மன்னர் உறங்குகிறார். பக்கத்தில் இருக்கும் அரசி அவனைக் கண்டு எழுந்து கணவரை எழுப்புகிறாள். உலகில் எங்கும் இல்லாத ஆகமம் கொண்டுவந்திருக்கிறேன், தனியிடத்தில்தான் சொல்ல வேண்டும் என்கிறான் வந்தவன். மன்னர் அரசியை உள்ளே போகச் சொல்கிறார். அவள் போகிறாள். அவன் புத்தகத்தை அவிழ்ப்பதுபோல் அவிழ்த்து, உள்ளே இருந்த பத்திரத்தை எடுக்கிறான்.

பக்தி இலக்கியமாக இந்தக் கதை சொல்ல வருவது தெளிவானது: வேடம் பொய்யானாலும் அதை வணங்கியவரின் அன்பு மெய். சாகும் தறுவாயிலும் மன்னர், வாளோடு பாய்ந்த காவலன் தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர் என்று சொல்லி, கொலைகாரனுக்கு வழித்துணையாகப் போய் ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறார். அந்தப் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசியின் பக்கம் நின்று படித்தால் இன்னொரு கதை தெரிகிறது. அறையில் முதலில் விழித்திருந்தவள் அவள். முதலில் அவனைப் பார்த்தவள் அவள். ஏடு திறக்கப்படும் இடத்தில் பெண் இருக்கக் கூடாது என்ற வழக்கத்தைக் கொலைகாரன் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். அவன் திட்டமே அதன்மேல்தான் நிற்கிறது. பெண் வெளியேறினால்தான் புத்தகம் திறக்கும், புத்தகம் திறந்தால்தான் கத்தி வெளியே வரும். அரசிக்குப் பெயரும் இல்லை. கடைசியில் பாதுகாப்பாக ஊரைவிட்டுப் போகிறவன் கொன்றவன். பத்திரத்தின் எல்லாப் பொருளும் அவனுக்கே கிடைத்தன: கையில் ஏடு, ஏட்டுக்குள் அலகு, போகும் வழிக்குக் காவல்.

இந்த வாசிப்பைப் பழைய கதையோடு நிறுத்திவிட முடியாது. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் வேலைக்குப் போகக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வாரம் நகரத்தில் எத்தனை வீடுகளில் மகள்களிடம் 'பத்திரம், பத்திரம்' என்று சொல்லியிருப்பார்கள்! சொன்னவர்களின் அன்பு உண்மை. சொல்லின் வேலையும் உண்மை: இனி உன் பாதுகாப்பு உன் பொறுப்பு என்பதை அது கையில் கொடுக்கிறது, பாதுகாத்துக்கொள்ள எதையும் கொடுப்பதில்லை. சீக்கிரம் வா, அந்த வழியாகப் போகாதே, யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு 'பத்திர'த்துக்கும் உலகம் ஒரு தெரு குறைகிறது.

இதற்கு மாற்றாக ஆயுதம் கொடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. டெல்லி சம்பவத்தை அடுத்து 2013 ஜனவரியில் மும்பையில் சிவசேனா பெண்களுக்குச் சிறு கத்திகளை விநியோகித்தது. கட்சி கத்தி கொடுக்கும், கூட்டத்தைக் கூட்டும். அதை எடுத்துப் பயன்படுத்தும் கணத்தில் பெண் தனியாகத்தான் நிற்பாள். சட்டத்தைப் பார்த்தால், ஆயுதச் சட்டம் 1959இன் கீழான விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் உழவுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பலாத்காரம் செய்ய வருகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிர் போனாலும் அது தற்காப்பு என்று முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொன்னது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் அந்த அளவுக்கு இடம் கொடுத்தும், தாக்க வருகிறவனின் அரிவாளுக்கு என் பேனாக்கத்தி பதில் ஆகாது. கத்தி கொடுப்பவர்களும் பத்திரம் சொல்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: தெருவை மாற்ற வேண்டாம், அவளை மாற்றினால் போதும்.

எனக்கு மடக்குக் கத்தி வேண்டியிருப்பது குத்துவதற்காக அல்ல. பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, பென்சில் சீவ, பேருந்துப் பயணத்தில் ஒரு கயிற்றை அறுக்க. யாரிடமும் கேட்காமல் என் சின்ன வேலையை நானே முடித்துக்கொள்ள. அதற்குக் கத்தியைவிட முக்கியம், கத்தி வைக்கப் பையும், பையோடு போக ஒரு வழியும், போனவள் ஏன் போனாள் என்று கேட்காத ஊரும்.

பத்திரத்தின் நான்கு பொருள்களில் நமக்குக் காலங்காலமாகக் கிடைத்தது கடைசிப் பொருள் மட்டுமே, அதுவும் அறிவுரையாக. முதல் இரண்டுக்காகப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. ஏட்டுக்காக நடந்ததைக் கோதைநாயகியின் கதையில் பார்த்தோம். ஆவணத்துக்காக நடந்தது இன்னும் நீண்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அப்போதும், அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அது விட்டுவிட்டது. அந்தத் தடை நீங்க 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம் வர வேண்டியிருந்தது. தன் பெயரில் ஒரு பத்திரம் உள்ள பெண்ணிடம், அடிக்கிற கணவனின் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லிப் பாருங்கள். பத்திரம் இல்லாத பெண்ணிடம் அதையே சொல்லிப் பாருங்கள். ஆவணத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரே சொல் இருப்பதன் நியாயம் அப்போது விளங்கும்.

பனையிலிருந்து வந்த இன்னொரு சொல்லைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எழுத ஓலை கொடுத்த அதே பனையின் மட்டையில் இரு பக்கமும் வாள்போல் பல்வரிசை உண்டு. அதற்குக் கருக்கு என்று பெயர். மடக்கெழுத்தாணி வைத்திருந்தவர்களுக்குப் பனை என்றால் ஓலை. விறகு பொறுக்கப் போன தலித் சிறுமிகளுக்குப் பனை என்றால் கையைக் கிழிக்கும் கருக்கு. 1992இல் பாமா தன் வாழ்க்கையை எழுதியபோது அந்தச் சொல்லைத்தான் தலைப்பாக எடுத்தார். அலகு வைத்திருந்தவர் ஓலையை வாரி எழுதினார் என்பது பழைய வரலாறு. அலகால் கிழிபட்டவர் அந்த அலகின் பெயராலேயே எழுதியது புதிய வரலாறு. மடக்கெழுத்தாணியின் இரண்டு பக்கமும், எழுத்தும் வெட்டும், கடைசியில் ஒரு பெண்ணின் கையில் சேர்ந்தன. யாரும் அதை அவரிடம் எடுத்துக் கொடுக்கவில்லை.

அகராதியில் பேனாக்கத்திக்கு எதிரே 'பென்சில் முதலியவற்றைச் சீவப் பயன்படும் மடக்கக்கூடிய சிறு கத்தி' என்பதுபோல் ஒரு விளக்கம் இருந்தால் போதும். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அகராதி நமக்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறது. அடுத்த முறை மகளிடமோ மாணவியிடமோ தங்கையிடமோ 'பத்திரம்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, எந்தப் பத்திரத்தைச் சொல்கிறோம் என்று நாமே ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். அவள் கையில் எழுத ஓர் ஏடு இருக்கிறதா, அவள் பெயரில் ஓர் ஆவணம் இருக்கிறதா, அவள் வேலைக்கு ஒரு கருவி இருக்கிறதா? இந்த மூன்றையும் கொடுத்துவிட்டு நான்காவதைச் சொன்னால், அது அறிவுரையாக இருக்காது, வாழ்த்தாக இருக்கும்.